மேகம் குடையா, போர்வையா? பூமியின் வெப்பக் கணக்கில் தீராத ஒரு வழக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் பலரது செல்போனுக்குத் தவறாமல் ஒரு படம் வந்துவிடும். கறுப்பாகக் கடல், அதன் மேல் திட்டுத் திட்டாக வெள்ளை. இன்சாட் செயற்கைக்கோள் எடுத்த படம். "இந்த வெள்ளைத் திட்டு நகர்ந்து வந்தா நைட்டு செம மழை" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் அம்புக்குறி போட்டு அனுப்பியிருப்பார்.

அந்த வெள்ளை, மேகத்தின் நிறம் கிடையாது. சூரிய வெளிச்சமே இல்லாத நள்ளிரவில் எடுத்த படத்திலும் அது வெள்ளையாகத்தான் இருக்கும். காரணம், அந்தக் கருவி பார்ப்பது பூமியிலிருந்து மேலே வரும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது வெப்பத்தை. எங்கே வெப்பம் குறைவாக வெளியேறுகிறதோ, அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்படி படத்தை அமைக்கிறார்கள்.

ஆக, மழை வருமா என்று பார்க்கிற அதே படம் இன்னொன்றையும் காட்டுகிறது. விண்வெளிக்குப் போக வேண்டிய வெப்பத்தை மேகங்கள் எங்கெல்லாம் மறித்து நிற்கின்றன என்பதை.

ஆனால் பகலில் அதே மேகம் வேறொரு வேலையும் செய்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பி, கீழே நிழல் தருகிறது. ஒரே மேகம் குடையாகவும் இருக்கிறது, போர்வையாகவும் இருக்கிறது. இதில் எது ஜெயிக்கிறது? பூமி இன்னும் எத்தனை டிகிரி சூடாகும் என்ற கேள்விக்கான விடை, பெருமளவு இங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

இரவு பகல், துருவம், நிலநடுக்கோடு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால், சூரியனிடமிருந்து பூமிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட் வருகிறது. அதில் ஏறக்குறைய 100 வாட் மேகம், பனி, பாலைவன மணல், காற்றில் மிதக்கும் துகள்கள் ஆகியவற்றில் பட்டு அப்படியே விண்வெளிக்குத் திரும்பிவிடுகிறது. மீதி 240 வாட்டைப் பூமி எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். நிலமும் கடலும் காற்றும் அதை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்புகின்றன. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை பூமியின் சராசரி வெப்பநிலை மாறாது. செலவு குறைந்தால் உள்ளே சூடு சேரும். கரியமில வாயு செய்வது இதைத்தான்.

இந்தக் கணக்கில் வரவிலும் செலவிலும் பெரிய அளவில் கை வைப்பது மேகம்தான். கரியமில வாயுவுக்கு வெயிலைத் தடுக்கத் தெரியாது. பனிப்பாறைக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கத் தெரியாது. மேகத்துக்கு இரண்டும் தெரியும்.

உயரத்தில்தான் சூட்சுமம்

எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற அளவு கதிரை வீசும். 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் கடல் பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 460 வாட் வீசுகிறது. மைனஸ் 70 டிகிரியில் இருக்கும் ஒரு மேகத்தின் உச்சி வீசுவது 100 வாட்டுக்கும் குறைவு.

மேலே போகப் போகக் காற்று குளிரும், கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வீதம். அதனால் ஒரு மேகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே அது குடையா போர்வையா என்பதைத் தீர்மானிக்கிறது.

கடலுக்கு மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தாழ்மேகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சி கடலைவிடக் கொஞ்சம்தான் குளிர்ச்சி. கடல் அனுப்பும் வெப்பத்துக்கு ஏறக்குறைய சமமாக அதுவும் மேலே அனுப்பிவிடும். போர்வையாக அது ரொம்ப மெல்லியது. ஆனால் பகலில் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். நல்ல குடை.

12, 13 கி.மீ. உயரத்தில் மெல்லிய பட்டுத்துணி போலப் பரவியிருக்கும் கீற்று மேகம் இதற்கு நேர்மாறு. வெயில் அதனூடே பெரும்பாலும் கடந்து கீழே வந்துவிடும். ஆனால் கீழிருந்து வரும் வெப்பத்தை அது வாங்கிக்கொண்டு, தன் குளிர்ந்த உச்சியிலிருந்து கொஞ்சமாகத்தான் வெளியே விடும். குடையாக உதவாது, போர்வையாக நன்றாக வேலை செய்யும்.

இரவில் குடைக்கு வேலையே இல்லை, போர்வை மட்டும்தான். மழையும் வராமல் காற்றும் வீசாமல் வானம் மூடிக்கிடக்கும் இரவு புழுங்குவதற்கும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் மார்கழி விடியலில் பனி கொட்டுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, கடல் மட்டத்திலிருந்து 15 கி.மீ. வரை எழும்பி நிற்கும் இடிமழை மேகம்? அதற்குக் குடை வேலையும் பலமாகத் தெரியும், போர்வை வேலையும் பலமாகத் தெரியும். வெப்பமண்டலத்தின் கதை முழுக்க அந்த மேகத்தைச் சுற்றித்தான்.

வெப்பச்சலனம்: மேலே குளிர்வதும் ஒரு காரணம்

"வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." வானிலை அறிக்கையில் அடிக்கடி கேட்கும் வரி இது. தரை சூடாகிறது, காற்று இலேசாகி மேலே எழும்புகிறது, மேகமாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதி விஷயம்.

மீதிப் பாதி மேலே நடக்கிறது. காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் ஓயாமல் அகச்சிவப்புக் கதிரை வெளியே வீசிக்கொண்டே இருக்கின்றன. வேறு எதுவும் நடக்காமல் விட்டால், வெப்பமண்டலக் காற்று இந்தக் கதிர்வீச்சினாலேயே நாளொன்றுக்கு 1 முதல் 2 டிகிரி வரை குளிர்ந்துகொண்டே போகும். கீழே கடல் சூடு, மேலே காற்று குளிர்ச்சி. இப்படி ஒரு நிலை நீடிக்க முடியாது. கீழ்க்காற்று கிளம்பி மேலே பாய்ந்து, இழந்த சூட்டை ஈடுகட்டுகிறது.

அந்தச் சூட்டை அது சுமந்து செல்வது நீராவியாக. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 25 லட்சம் ஜூல் வேண்டும். கரண்ட் பில் கணக்கில் சொன்னால் சுமார் 0.7 யூனிட். மேலே போய் அந்த ஆவி மறுபடி நீராகும்போது அத்தனையும் காற்றுக்குள் வெளிப்படுகிறது.

ஒரு உதாரணம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் 1 செ.மீ. மழை பெய்கிறது என்றால், விழும் தண்ணீர் சுமார் 1,100 லிட்டர். அந்தத் தண்ணீர் உருவானபோது மேலே காற்றில் கொட்டிய வெப்பம் 770 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சில மாதங்களுக்கு வரும். அரை கிரவுண்டுக்கே இப்படி என்றால், ஒரு மாவட்டம் முழுக்கப் பெய்யும் மழையை நினைத்துப் பார்க்கலாம்.

எல்லாக் கடலிலும் இது நடந்துவிடாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுலோச்சனா காட்கில், பி.வி.ஜோசப், என்.வி.ஜோஷி ஆகியோருடன் சேர்ந்து 1984-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கடல் பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 28 டிகிரியைத் தாண்டிய பிறகே பெரிய மேகக் கூட்டங்கள் எளிதாக எழும்புகின்றன என்று அது காட்டியது. வங்கக் கடல், இந்தோனேசியாவைச் சுற்றிய கடல்கள், மேற்குப் பசிபிக் ஆகியவை இந்த வரம்பை ஆண்டின் பெரும்பகுதி தாண்டியே இருக்கின்றன. உலகின் மிகப்பெரிய மேகத் தொழிற்சாலை இந்தப் பகுதிதான்.

எழும்பும் காற்று ஓர் உயரத்துக்கு மேல் போக முடியாமல் பக்கவாட்டில் விரியும். கொல்லுப் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கும் கல்லைப் போல, கீழே குறுகி மேலே அகன்ற வடிவம். வானிலைக்காரர்கள் இதை 'அன்வில்' மேகம் என்பார்கள். மழை கொட்டும் தண்டுப்பகுதியின் அகலம் சில கிலோமீட்டர்தான். அன்வில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரியும். மழை நின்ற பிறகும் மணிக்கணக்கில் மிதக்கும். செல்போனில் தெரியும் அந்த வெள்ளைத் திட்டின் பெரும்பகுதி இந்த அன்வில்தான். வெள்ளையாகத் தெரிந்த இடமெல்லாம் மழை பெய்யாததற்கும் இதுவே காரணம்.

மேகம் கடலுக்குத் தெர்மோஸ்டாட் ஆகுமா?

குடையையும் போர்வையையும் தனித்தனியாக அளக்க 1980-கள் வரை நம்பகமான வழி இல்லை. 1984 அக்டோபரில் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடத்திலிருந்து, வீராங்கனை சாலி ரைடு இயக்கிய எந்திரக் கையால் ஒரு செயற்கைக்கோள் விடப்பட்டது. பூமியின் கதிர்வீச்சு வரவு செலவை அளக்கவென்றே நாசா அனுப்பியது அது.

அந்தத் தரவை வைத்து 1989-ல் 'சயின்ஸ்' இதழில் விடை சொன்ன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வீரபத்ரன் ராமநாதன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குளிர்பதனப் பெட்டியில் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975-ல் கண்டு சொன்னவரும் இவரே.

1985 ஏப்ரல் மாதக் கணக்கு இதுதான்: மேகங்கள் திருப்பி அனுப்பிய வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 45 வாட். பிடித்து வைத்த வெப்பம் சுமார் 31 வாட். குடைக்கு 13 வாட் வெற்றி. பின்னால் வந்த செயற்கைக்கோள்கள் இந்த வித்தியாசத்தை 20 வாட்டுக்கு அருகில் வைக்கின்றன. மொத்தத்தில் மேகங்கள் பூமியைக் குளிர்விக்கின்றன.

இது எவ்வளவு பெரிய எண்? காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் நேரடியாகக் கூடும் வெப்பம் 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மேகத்தின் குளிர்ச்சி அதைப் போல ஐந்து மடங்கு. அந்தக் குளிர்ச்சியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே கணக்கு எங்கேயோ போய்விடும்.

வெப்பமண்டலத்தில் மட்டும் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஓங்கி வளர்ந்த மேகங்கள் நிறைந்த இடங்களில் குடையும் போர்வையும் தனித்தனியே 50 முதல் 100 வாட் வரை இருந்தன. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுதாகக் கழித்துக்கொண்டன. மிச்சம் ஏறத்தாழ பூஜ்யம்.

1991-ல் ராமநாதனும் வில்லியம் காலின்ஸும் இன்னொரு படி போனார்கள். திறந்த கடலின் வெப்பநிலை ஏன் 32 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது? கடல் சூடானால் இடிமழை மேகம் பெருகும், அதன் உச்சி அடர்த்தியாகி வெயிலை மறைக்கும், கடல் மேலும் சூடாகாது. ஏசி தானாக ஆன் ஆகி ஆஃப் ஆவது போல மேகம் ஒரு தெர்மோஸ்டாட் என்றார்கள். 1987 எல் நினோ காலத் தரவு அவர்களுக்கு ஆதாரம்.

உண்மையாக இருந்தால் இதைவிட நல்ல செய்தி கிடையாது. அதனால்தான் விவாதமும் சூடு பிடித்தது. 1993-ல் பசிபிக்கின் மேல் விமானங்களை அனுப்பி அளந்தும் பார்த்தார்கள்.

மற்ற விஞ்ஞானிகள் சுட்டிய சிக்கல் இது. மேகம் அந்த இடத்துக் கடலுக்கு நிழல் தருவது உண்மை. ஆனால் அதே மேகம் மேலே காற்றுக்குள் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மொத்தத்தில் வெப்பம் இடம் மாறுகிறது, வெளியே போகவில்லை. கடலின் சூட்டைக் கட்டுப்படுத்துவதில் ஆவியாதலுக்கும், வெப்பத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் காற்றோட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு கடல் பகுதியின் உச்ச வரம்பை வைத்து, உலகம் முழுக்கவும் வெப்பத்துக்கு வரம்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சுருங்கும் அன்வில்

2001-ல் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் லிண்ட்சன் குழு இன்னொரு நல்ல செய்தியைக் கொண்டுவந்தது. வெளிச்சம் கூடினால் கண்ணில் பாப்பா சுருங்கும் இல்லையா? அதுபோலக் கடல் சூடானால் அன்வில் பரப்பு மாறும். போர்வை விலகி வெப்பம் வெளியேறும். பூமி தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்றது. கண்ணின் கருவிழித் திரையின் ஆங்கிலப் பெயரை வைத்து இதற்கு 'ஐரிஸ்' கருத்து என்று பெயர்.

மறு ஆண்டே நாசாவின் வேறொரு குழு, நேரடி அளவீடுகளை வைத்துப் பார்த்தபோது அவ்வளவு பெரிய குளிர்ச்சி தெரியவில்லை என்றது. போர்வை விலகினால் குடையும் சேர்ந்து விலகுமே என்பதே முக்கியப் பிரச்சினை.

ஆனால் இந்தக் கருத்து முழுக்கக் குப்பைக்குப் போகவில்லை. 2016-ல் பிரான்ஸைச் சேர்ந்த சாண்ட்ரின் போனி குழு, பூமி சூடானால் மேல்காற்று உறுதிப்பட்டு அன்வில் பரப்பு உண்மையிலேயே கொஞ்சம் சுருங்கும் என்று இயற்பியல் காரணத்தோடு காட்டியது. போனியும் பங்கெடுத்த 2024-ம் ஆண்டு ஆய்வு அடுத்த கேள்விக்கு வந்தது. சுருங்கினால் எவ்வளவு குளிரும்? ரொம்பக் குறைவு. குடையும் போர்வையும் கழித்துக்கொள்வதால், இரண்டும் சேர்ந்து சுருங்கும்போது மிச்சம் பெரிதாக மாறுவதில்லை.

ஏறும் உச்சி, மாறாத குளிர்

பரப்பு அப்படியென்றால் உயரம்? இதில் விஞ்ஞானிகளுக்கு நம்பிக்கை அதிகம். 2002-ல் டென்னிஸ் ஹார்ட்மனும் கிறிஸ்டின் லார்சனும் சொன்ன விளக்கம் இதற்கு அடிப்படை.

மேல்காற்றைக் குளிர்விப்பது நீராவியின் கதிர்வீச்சு என்று பார்த்தோம். ஆனால் 12 கி.மீ. தாண்டினால் அங்கே உள்ள கடுங்குளிரில் நீராவி அநேகமாக மிஞ்சுவதில்லை. நீராவி இல்லையென்றால் குளிர்ச்சி இல்லை. குளிர்ச்சி இல்லையென்றால் கீழ்க்காற்றை மேலே அழைக்கக் காரணமும் இல்லை. ஏறி வந்த காற்று அங்கேயே பக்கவாட்டில் விரிகிறது. அன்வில் உருவாகும் உயரம் இப்படித்தான் முடிவாகிறது.

நீராவி எவ்வளவு தங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது, உயரத்தைப் பொறுத்தது அல்ல. பூமி சூடானால் அதே குளிர் இன்னும் சற்று மேலேதான் கிடைக்கும். அன்வில் அங்கே குடிபெயரும். அதன் உச்சியின் வெப்பநிலை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இதனால் என்ன? கீழே தரையும் கடலும் சூடாகிக்கொண்டே போகும். மேலே மேகம் வெளியே விடும் வெப்பம் மட்டும் கூடாது. வரவு கூடியும் செலவு கூடாத கடைபோல, உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். போர்வை இன்னும் அழுத்தமாகிறது என்று அர்த்தம்.

மேகம் மேகத்தை வளர்க்கும்

கதிர்வீச்சு மேகத்தை எழுப்புகிறது; எழுந்த மேகம் கதிர்வீச்சை மாற்றுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் அன்றாட வானிலையிலும் உண்டு.

கடலில் ஓரிடத்தில் மேகக் கூட்டம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்வில் போர்வையின் கீழே இருக்கும் காற்று, வெப்பத்தை வெளியே விட முடியாமல் சுற்றுவட்டாரத்தைவிடக் கதகதப்பாக இருக்கிறது. மேகமில்லாத பக்கத்து இடங்கள் வேகமாகக் குளிர்கின்றன. இந்த வித்தியாசமே கூட்டத்துக்குள் காற்றை எழச் செய்து, வெளியிலிருந்து ஈரத்தை உள்ளே இழுக்கிறது. இருக்கிற இடத்திலேயே மேகம் மேலும் திரள்கிறது.

2020-ல் வெளியான ஓர் ஆய்வில், 2013-ல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான், 2017-ல் கரீபியனைத் தாக்கிய மரியா ஆகிய புயல்களைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மேகத்தின் போர்வை விளைவை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டியபோது, மேகக் கூட்டம் புயலாகத் திரள்வது தடைபட்டது.

பருவமழைக் காலத்தில் வானிலை ஆர்வலர்கள் அடிக்கடி சொல்லும் 'எம்.ஜே.ஓ.'வும் இந்தக் குடும்பம்தான். 1971-ல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் கண்டறிந்த இந்த அலை, 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலில் மேகங்களைக் கூட்டி, மெதுவாகக் கிழக்கே நகர்த்துகிறது. அது பக்கத்தில் வந்தால் நம் பக்கத்து மழைக்கும் தெம்பு கூடும். 2011 அக்டோபர் முதல் மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் ரேடார்களை வைத்து, இந்த அலை பிறப்பதைப் பன்னாட்டுக் குழு மாதக்கணக்கில் கவனித்தது. அலை நிலைத்து நிற்பதில் மேகப் போர்வைக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது இப்போது பரவலாக ஏற்கப்படுகிறது.

மழைக்கும் ஒரு பட்ஜெட்

பூமி 1 டிகிரி சூடானால் காற்று சுமார் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். அப்போ மழையும் 7% கூடுமா? கூடாது. உலகச் சராசரி மழை 2 முதல் 3 சதவீதம்தான் கூடும்.

காரணம் அந்த வெப்பக் கணக்கு. மழை பெய்யும்போதெல்லாம் காற்றில் வெப்பம் கொட்டுகிறது. அதைக் கதிர்வீச்சாக வெளியே அனுப்பும் அளவுக்குத்தான் காற்றால் மழையைத் தாங்க முடியும். அந்தத் திறன் மெதுவாகத்தான் கூடுகிறது.

ஆனால் ஒரு குறிப்பிட்ட மேகத்துக்குள் நடப்பது வேறு. அதற்குக் கிடைக்கும் ஈரம் 7% கணக்கிலேயே கூடும். ஆகவே கொட்டும்போது பலமாகக் கொட்டும். மொத்தம் அவ்வளவு கூடாததால், கொட்டாத இடைவெளியும் நீளும். ஒரே நாளில் ஒரு மாத மழை, அப்புறம் வாரக்கணக்கில் வறண்ட வானம் என்ற புகாருக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு கண்

வெப்பமண்டல மேகம் சில மணி நேரத்தில் பிறந்து, வளர்ந்து, கலைந்துவிடும். துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒரே இடத்தை நாளுக்கு இரண்டு முறைதான் பார்க்கும். நடுவில் நடந்தது தெரியாது.

இதற்காகவே இஸ்ரோவும் பிரான்ஸ் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து 'மேகா-டிராபிக்ஸ்' செயற்கைக்கோளை உருவாக்கின. 2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைக் கொண்டு சென்றது. 867 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதை. அதனால் வெப்பமண்டலத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஈரப்பதத்தை அளக்க ஒரு கருவி, வரும் வெயிலையும் போகும் வெப்பத்தையும் அளக்க இன்னொன்று. மூன்று ஆண்டுகளுக்கெனத் திட்டமிட்டது, பத்தாண்டு வரை தரவு தந்தது. 2023 மார்ச் 7-ல் அதைக் கட்டுப்பாட்டோடு இறக்கி, பசிபிக் மேல் எரித்து முடித்தார்கள்.

கணக்கு இப்போது எங்கே நிற்கிறது?

1979-ல் அமெரிக்காவில் ஜூல் சார்னி தலைமையிலான குழு ஒரு மதிப்பீடு கொடுத்தது. கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 1.5 முதல் 4.5 டிகிரி வரை சூடாகும் என்று. 2013-ல் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. அறிக்கையிலும் அதே எண்கள்தான் இருந்தன. 34 ஆண்டுகள், எத்தனையோ சூப்பர் கம்ப்யூட்டர்கள், அதே இடைவெளி. முக்கியக் காரணம் மேகம்.

காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. கட்டத்தின் பக்கம் சுமார் 100 கி.மீ. என்றால் சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடங்கும். அதற்குள் எழும் சில கிலோமீட்டர் அகல மேகம் மாதிரிக்குத் தெரியாது. தோராயமாகத்தான் போட வேண்டும். சில கிலோமீட்டர் கட்டங்களோடு ஓடும் புதிய மாதிரிகள் இப்போதுதான் பெருகுகின்றன.

2021 அறிக்கையில் அந்த இடைவெளி ஒருவழியாகச் சுருங்கியது: 2.5 முதல் 4 டிகிரி. சிறந்த மதிப்பீடு 3. மொத்தத்தில் மேகங்கள் வெப்பமயமாதலைக் குறைக்காது, கூட்டும் என்பதே முடிவு. மேகம் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு இடம் குறைந்தது.

இப்போது கவலை பெரும்பாலும் தாழ்மேகங்கள் மேல். குடை மட்டுமே பிடிக்கத் தெரிந்த அவை கடல் சூடானால் குறையும் என்று தெரிகிறது. எவ்வளவு குறையும்? 2020 ஜனவரி, பிப்ரவரியில் பார்படோஸ் அருகே விமானம், கப்பல் எல்லாம் வைத்து அளந்தார்கள். அங்குள்ள சின்னத் திரள் மேகங்கள் சில மாதிரிகள் பயந்த அளவுக்குக் காய்ந்து போகாது என்று தெரிந்தது. சற்று ஆறுதல்.

ஆறுதல் நீடிக்கவில்லை. 2023-ல் உலக வெப்பநிலை எதிர்பார்த்ததைவிடத் திடீரென ஏறியது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, அந்த ஆண்டு பூமி திருப்பி அனுப்பிய வெயில் பதிவான அளவுகளிலேயே மிகக் குறைவான நிலையில் இருந்தது தெரிந்தது. பெரிய காரணம், தாழ்மேகம் குறைந்தது. அது இயற்கையான ஏற்ற இறக்கமா, கப்பல் புகை போன்ற மாசு குறைந்ததாலா, வெப்பமயமாதலின் விளைவா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. கடைசியில் சொன்னதுதான் காரணமென்றால், 3 டிகிரி என்ற மதிப்பீடே குறைவாக இருக்கலாம்.

2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து 'எர்த்கேர்' செயற்கைக்கோளை அனுப்பின. லேசர், ரேடார், கேமரா, கதிர்வீச்சு அளவி நான்கும் ஒரே மேகத்தை ஒரே நேரத்தில் பார்க்கின்றன. மேகத்தின் உள்ளே என்ன இருக்கிறது, அது எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது, எவ்வளவு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று சேர்த்துச் சொல்லும்.

இரண்டரை டிகிரிக்கும் நான்கு டிகிரிக்கும் உள்ள தூரம் ஆய்வுக்கூட விஷயமல்ல. மழைநீர் வடிகாலை எந்த அகலத்தில் கட்டுவது, அணையில் எவ்வளவு தேக்குவது, கோடையில் கட்டடத் தொழிலாளி எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது என எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்து மாறும்.

அடுத்த பருவமழையில் செல்போனுக்கு அந்தப் படம் மறுபடி வரும். மழை எங்கே என்று தேடும் கண், அந்த வெள்ளைத் திட்டின் விளிம்பையும் ஒரு நொடி பார்க்கலாம். மங்கலாகக் கரைந்து கிடக்கும் அந்த மெல்லிய விளிம்பில் மழை இருக்காது. போர்வை வேலை அங்கேதான் குடையை முந்துகிறது.